கதவைப் பூட்டுமுன்



2025 ஜூன் மாதத்து ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம். அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சோளகக் காற்று முற்றத்து மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. எங்கள் முசலிப் பகுதியில் அந்த மாதம் எப்படியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். குளங்கள் வற்றிப் போகும். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஓர் இளம் தம்பதி படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

கணவர் சிறுவயதில் புத்தளத்தில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். மனைவியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. குடும்பத் தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“ஹஸ்ரத், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியாலே சாகடிச்ச ஒரு பொம்பளையைப் பத்தி ஹதீஸ் இருக்குதே. நானும் அந்தப் பொம்பளைதானா?”

அவர்கள் இருவரின் சம்மதத்துடன், பெயரையும் ஊரையும் சொல்லாமல், நடந்ததை இங்கே எழுதுகிறேன். இது ஒரு பூனையின் கதை மட்டுமல்ல. நம்மில் எத்தனையோ வீடுகளின் கதை.

கணவர் நன்றாகப் பாடக்கூடியவர். கலியாண வீடுகளிலும் மீலாத் விழாக்களிலும் இஸ்லாமியப் பாடல்கள் பாடி அதிலேதான் குடும்பச் செலவின் பெரும்பகுதியைப் பார்க்கிறார். மனைவிக்கும் அல்லாஹ் நல்ல குரலைக் கொடுத்திருக்கிறான். அஹதிய்யாப் பாடசாலையில் சிறுமிகளுக்குக் கஸீதாவும் கீதமும் பழக்கிப் போட்டிகளுக்குத் தயார்படுத்துகிறார். அதற்கும் சிறு கொடுப்பனவு உண்டு. கணவரின் உம்மா இவர்களோடு முசலியில் இருக்கிறார். மனைவியின் உம்மாவும் வாப்பாவும் புத்தளத்தில்.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதை நான் விளக்கவா வேண்டும்? 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சுமார் எழுபத்தையாயிரம் பேர் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பி வந்து, காடாகிக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கிக் குடியேறினோம். சிலர் புத்தளத்திலேயே வேர்விட்டுவிட்டார்கள். அதனால் இன்று முசலியில் ஒரு கலியாணம் நடந்தால் பாதிச் சொந்தம் இங்கே, பாதிச் சொந்தம் அங்கே. வில்பத்துக் காட்டினூடாக வருவதே கிட்டிய வழி. அது கைகொடுக்காத காலத்தில் அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன் என்று சுற்றித்தான் வரவேண்டும். கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பாதையின் நீளத்தைச் சொல்வார்கள்.

இனி இவர்களின் அந்த ஒரு வருடத்தைக் கேளுங்கள். மாரியில் மனைவி தாய்வீடு போக ஆசைப்பட்டார். வயல் விதைப்பு, மழை, பாதை சரியில்லை என்று தள்ளிப்போனது. பெப்ரவரியில் அறுவடை. அதை அடுத்து நோன்பு வந்தது. நோன்பு விடுமுறையில் போகலாம் என்றால் மாமிக்குச் சுகமில்லை. மார்ச் 31ஆம் திகதி நோன்புப் பெருநாள். மூன்றாம் நாளே கணவருக்கு ஒரு கலியாண வீட்டில் பாட்டு. ஒரு நாள் போய் மறுநாள் திரும்பினார்கள். அதற்குப் பிறகு மனைவியின் அஹதிய்யாப் பிள்ளைகளுக்குப் போட்டி. “அது என்ன பெரிய வேலையா, விட்டிட்டு வாங்க” என்று கணவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது மனைவி உறுதியாக நின்றார். “இந்தமுறை ஒன்பது நாள் உம்மாட வீட்டில்தான்.” கணவரும் கோபத்தோடு சம்மதித்தார். மாமி, எருக்கலம்பிட்டியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போனார். புறப்படும் காலையில் வாய்த்தர்க்கம். வேன்காரர் கோணை அடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் பையைத் தூக்க, மற்றவர் ஜன்னலைச் சாத்த, நெல் மூட்டை வைக்கும் அறையை யாரோ ஒருவர் பூட்டினார். கணவர் பூட்டினாரா, மனைவி பூட்டினாரா என்பது இருவருக்குமே நினைவில்லை. எலி பிடிக்க உள்ளே போன பூனை உள்ளேயே இருந்துவிட்டது.

ஒன்பது நாள் கழித்து வந்து கதவைத் திறந்தபோது என்ன கண்டிருப்பார்கள் என்பதை நான் எழுதவில்லை. கதவின் உட்புறம் முழுக்க நகக்கீறல் என்று மட்டும் அந்தப் பிள்ளை சொன்னார்.

அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் ஒரு பூனையை அடைத்து வைத்தாள். அவளும் உணவு கொடுக்கவில்லை, அது தானே இரை தேடித் தின்னவும் விடவில்லை. அதனால் வேதனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: “மகள், அவள் தெரிந்துகொண்டே அடைத்தாள். நீங்கள் தெரியாமல் பூட்டினீர்கள். தவறுதலாக நேர்ந்ததில் குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதில்தான் குற்றம் என்று அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் தெளிவுபடுத்துகிறது. நீங்கள் அந்தப் பெண் இல்லை. ஆனாலும் இஸ்திஃபார் செய்யுங்கள். ஏனென்றால் கவனக்குறைவு நடந்திருக்கிறது.”

கணவர் தலைகுனிந்து, “ஒரு பூனைக்காக இவ்வளவு அழுவதா என்று நான் ஏசிவிட்டேன் ஹஸ்ரத்” என்றார். அவருக்கு உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் வீட்டை நினைவூட்டினேன். நபியவர்கள் அந்த வீட்டுக்கு அடிக்கடி போய் வருவார்கள். அங்கே அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சின்னக் குருவியை வளர்த்தான். அது செத்துப்போய் அவன் வாடியிருந்தபோது, உம்மத்தின் தலைவரான அவர்கள் அந்தச் சிறுவனிடம் குருவியைப் பற்றிக் கேட்டு ஆறுதல்படுத்தினார்கள். ஒரு சிறு உயிருக்காக வரும் துக்கத்தை அவர்கள் கேலி செய்யவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொன்னேன். அபூ கதாதா (ரழி) அவர்கள் தம் மகனின் வீட்டுக்குப் போனார்கள். மருமகள் கப்ஷா வுழூவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார். ஒரு பூனை வந்து வாய் வைத்தது. மாமனார் அதை விரட்டவில்லை. அது குடித்து முடியும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். மருமகள் வியந்து பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றித் திரியும் வீட்டுப் பிராணி என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூதும் திர்மிதியும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாருங்கள் சகோதரிகளே, ஒரு மாமனாரின் வருகை, ஒரு மருமகளின் உபசாரம், தாகத்தோடு வந்த ஒரு பூனை, மூன்றும் ஒரே முற்றத்தில்!

பிறகு கணவரின் உம்மா என்ன சொன்னார் என்று விசாரித்தேன். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த மாமி, செத்த பூனையைத் தானே துணியில் சுற்றி வளவின் மூலையில் புதைத்தாராம். மருமகளை ஏசவில்லை. இரவில் படுக்கும்போது இப்படிச் சொன்னாராம்: “எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு, ஆட்டுக் கயிறு மூண்டையும் அறுத்து விட்டன். கோழிக்கூட்டுக் கதவையும் திறந்து விட்டன். திரும்பி வருவமோ எண்டு தெரியா. அதுகள் என்ன பாவம் செஞ்சதுகள்?”

இதைக் கேட்டதும் என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. உயிர் போகும் பயத்தோடு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்ட ஒரு பெண்ணுக்கு ஆட்டின் கயிறு நினைவிருந்தது. பெருநாளுக்குச் சந்தோஷமாகப் போக வேண்டிய நமக்கு ஏன் நினைவிருக்கவில்லை? அவசரம் காரணமல்ல. அவரைவிட அவசரம் யாருக்கு இருந்திருக்கும்? அன்று காலை இவர்கள் இருவரின் மனதிலும் கோபம் நிறைந்திருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமிருக்கவில்லை.

அந்தக் கோபத்தின் வேரைத்தான் பிடுங்க வேண்டும். கணவரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன்.

முதலாவது, தாய்வீடு போவது மனைவிக்குக் கணவன் போடும் பிச்சையல்ல. இரத்த உறவைச் சேர்ந்து நடப்பவருக்கு ரிஸ்கும் ஆயுளும் விரிவாக்கப்படும் என்பது நபிமொழி. அது ஆணின் உறவுக்கு மட்டும் சொல்லப்பட்டதா?

இரண்டாவது, இருவரின் வேலையும் வேலைதான். பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியபோது, அபூபக்ர் (ரழி) அவர்கள் தடுக்க, இது பெருநாள், விட்டுவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அன்று பாடிய குரல்களும் சிறுமிகளின் குரல்கள்தான். உங்கள் மனைவி பழக்கும் சிறுமிகளின் பாட்டு உங்களுக்கு ஏன் சின்ன விஷயமாகத் தெரிகிறது என்று கேட்டேன். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கத்தில் ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி என்று ஒரு தம்பதி இருக்கிறார்கள். நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானாவிடம் பயின்ற இவர்கள் இருவரும் சேர்ந்தே மேடைகளில் வாசிக்கிறார்கள். 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தபோது இருவர் பெயரையும் ஒன்றாகச் சேர்த்தே அறிவித்தது. வாத்தியங்களைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. மனைவியின் உழைப்பைக் கணவனின் உழைப்போடு சமமாக ஊரே எண்ணும்போது, வீட்டுக்குள் நாம் எண்ணாமலிருப்பது நியாயமா என்றுதான் கேட்டேன்.

மூன்றாவது, வருடத்தை முதலிலேயே பங்கு வையுங்கள். நம் பெருநாட்கள் பிறைக்கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வரும். வயல் வேலையோ மழையைப் பார்த்து நடக்கும். ஒரு வருடம் மோதாத பெருநாளும் அறுவடையும் இன்னொரு வருடம் மோதும். ஆகவே முஹர்ரம் பிறந்ததும் இருவரும் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு பெருநாள் அந்தப் பக்கம், ஒரு பெருநாள் இந்தப் பக்கம். அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள். குறித்த நாளில் பாட்டுக்கு அழைப்பு வந்தாலும் வயல்வேலை வந்தாலும் மாற்றாதீர்கள்.

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் உயிர்ப்பிராணி வளர்க்கும் சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள். பூனை பட்டினி தாங்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாவிட்டாலே அதன் ஈரல் பழுதடையத் தொடங்கும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு சட்டிச் சோற்றை வைத்துவிட்டுப் போனால் அது அன்று மாலையே புளித்து எறும்பு மொய்க்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பொறுப்புக் கொடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள். வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு கொண்டுவாருங்கள், அயலவரின் ஹக்கும் அதில் நிறைவேறும். ஆட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போகாதீர்கள், நிழல் நகரும்போது அதனால் நகர முடியாது. பூனைக்கும் நாய்க்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைவிட்டுப் புறப்படும்போது சண்டையோடு புறப்படாதீர்கள். பிஸ்மி சொல்லிக் கதவைப் பூட்டுமுன் ஒவ்வோர் அறையாக ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அந்த மாமி கயிற்றை அறுத்தபோது அவருக்கு நேரமிருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

சென்ற மாதம் அந்தப் பிள்ளையை வழியில் கண்டேன். புத்தளம் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வருவதாகச் சொன்னார். கையில் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள்ளிருந்து மெல்லிய சத்தம். “உம்மாட வீட்டுப் பூனைட குட்டி ஹஸ்ரத். மாமிதான் கொண்டுவரச் சொன்னா” என்றார்.

அல்லாஹ் நம் வீடுகளில் இரக்கத்தை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.