பூனையை விரட்ட வேண்டாம்… தட்டைக் கவனியுங்கள்!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி… எந்தப் பக்கம் போனாலும் வாசற்படியில் இளவெயில் காய்ந்துகொண்டு ஒரு பூனை படுத்திருக்கும். எலியைப் பிடிக்கும், குளிருக்கு மடியில் சுருண்டுகொள்ளும், குழந்தைகளுக்கு விளையாட்டுத் தோழன்.

சமவெளியில் பூனை வெளியே போய், மண்ணைக் கிளறி, வேலையை முடித்து மூடிவிட்டு வந்துவிடும். மலையில் அது நடக்கிற காரியமா? ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. அப்புறம் உறைபனி. போதாக்குறைக்கு எஸ்டேட் பக்கம் சிறுத்தை பயம் வேறு. இருட்டியதும் பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். ஆகவே, மணல் தட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. அதோடு நாற்றமும், கால் வைத்த இடமெல்லாம் மணலும்!

"டாக்டர், பெருக்கிப் பெருக்கி இடுப்பே போச்சு" என்று சொல்லும் இல்லத்தரசிகள் ஒருபுறம். இன்னொருபுறம், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே, வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டித் தேயிலைத் தோட்டத்து ஓரமாக விட்டுவிட்டு வரும் குடும்பங்கள். "பூனைக் கழிவுல கர்ப்பிணிக்கு ஆகாத கிருமி இருக்காமே!" என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கிருமி இருப்பது உண்மை. ஆனால் பூனையை விரட்டுவது அதற்கு வைத்தியம் அல்ல என்பதே என் கருத்து.

அந்தக் கிருமியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. 1908-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், அது பூனையின் கழிவு வழியாகப் பரவுகிற விதம் 1970 வாக்கில்தான் தெளிவானது. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இது தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். சாதாரண விஷயம் இல்லைதான். ஆனால் இன்னும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, எல்லாப் பூனையும் எல்லா நாளும் இந்தக் கிருமியை வெளியேற்றுவதில்லை. பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது, ஒன்றிரண்டு வாரங்கள் மட்டுமே. இரண்டு, கழிவோடு வெளியே வந்தவுடன் அது தொற்றாது. முற்றித் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆக, தினமும் தட்டைச் சுத்தம் செய்கிற வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது! மூன்று, சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் பட்ட கை… இவற்றாலும் இது வரும். வீட்டுப் பூனையை விரட்டிவிட்டு, தெருப் பூனை அசிங்கம் செய்த பாத்தியில் பிடுங்கிய காரட்டை மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே கடித்தால் என்ன பிரயோஜனம்?

எனவே, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை மாற்றாதீர்கள். தட்டை அள்ளுகிற ஆளை மாற்றுங்கள். கணவர் அள்ளட்டும், மாமனார் அள்ளட்டும். இது மருமகளுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் மட்டுமே எழுதி வைத்த வேலையா என்ன? வேலைக்கு வரும் பெண்ணும் கர்ப்பமாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். யார் அள்ளினாலும் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கையைக் கழுவ வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இதற்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

சரி, மணல் சிதறுவதற்கு என்ன வழி?

பெரும்பாலான வீடுகளில் தட்டு மிகச் சிறியது. பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். துணி ஊற வைக்கிற அகலமான பிளாஸ்டிக் டப் போதும். மூன்று பக்கமும் உயரமாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் பூனை ஏறி இறங்கத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மணல் போதும். அதற்கு மேல் கொட்டினால் வெளியே இறைப்பதற்குத்தான் உதவும். டப்புக்கு முன்னால் தேங்காய் நார் மிதியடி ஒன்றைப் போட்டு, தினமும் வெளியே உதறுங்கள். பாதத்தில் ஒட்டிய மணல் அதிலேயே நின்றுவிடும்.

அமெரிக்காவில் 1947-ல் எட் லோ என்பவர் உலர்ந்த களிமண்ணைப் பூனைக்கென்று விற்க ஆரம்பித்தார். இன்று கடைகளில் கிடைக்கும் கட்டிபிடிக்கிற ரகம் பெரும்பாலும் பென்டோனைட் களிமண். ஈரம் பட்டால் உருண்டையாகிவிடும், அள்ளுவது சுலபம். தூசி கிளம்பாமல் மெதுவாகக் கொட்டுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் தள்ளி நில்லுங்கள். மழைக்காலத்தில் மூடியுள்ள டின்னில் வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றிலேயே அது பதத்துப் போகும். செலவு கட்டாது என்றால் சலித்துக் காயவைத்த மணல் போதும். மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும் இழைப்புத் துருவலும் சரிதான், தைலமரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம். நனைந்தால் காரமாகிப் பாதத்தையும், நக்கும் நாக்கையும் புண்ணாக்கும்.

இப்போது நம் மலைக்கே உரிய ஒரு விஷயம். நாற்றம் என்றால் உடனே கை எதற்குப் போகிறது? நீலகிரித் தைலத்துக்கு! 1843-ல் இந்த மலைக்கு வந்த தைலமரம், இன்று ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதிலிருந்து தரை துடைப்பது வரை நம்மோடு கலந்துவிட்டது. நமக்கு நல்லதுதான். ஆனால் பூனைக்கு அது விஷம். இத்தகைய எண்ணெய்களையும், பினாயிலில் உள்ள பொருள்களையும் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் துடைத்தது பாதத்தில் ஒட்டும். அதை அது நக்கும். எச்சில் ஒழுகும், தள்ளாடும். தட்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தாலே போதும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று ஒரு பெயர் உண்டு, தெரியுமா? அதன் வேரைக் கண்டால் பூனை சொக்கிப் போய்ப் புரளும். மூலிகைதானே என்று அதைத் தட்டுப் பக்கம் போட்டுவிடாதீர்கள். மணல் கூடம் வரை வந்துவிடும்!

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்பார்கள். மலமும் சிறுநீரும் அதில் உண்டு. பூனைக்கும் அதே நியாயம்தான். தட்டு அசுத்தமாக இருந்தால், அல்லது சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், அது அடக்கிப் பார்க்கும். முடியாதபோது மெத்தையில் போகும். "வேணும்னே பண்ணுது" என்று அடிக்காதீர்கள். இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு வையுங்கள். கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, அள்ளியதை எங்கே போடுவது? கழிப்பறையில் கொட்டினால் பென்டோனைட் ஊறிப் பெருத்துக் குழாயை அடைத்துக்கொள்ளும். வேலிக்கு அப்பால் சரிவில் வீசினால் அடுத்த மழையில் ஓடைக்கும், கீழ்வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேரும். மேலே இருப்பவர் எறிவது கீழே இருப்பவர் குடிநீரில் கலப்பதுதானே மலையின் குணம்! காய்கறிப் பாத்திக்கும், உரக்குழிக்கும் அது ஆகாது. ஈர மண்ணில் அந்தக் கிருமி ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுக்கவே பிளாஸ்டிக் பைக்குத் தடை. நம் மலையில் அதற்கு முன்பிருந்தே. ஆகவே பழைய செய்தித்தாளில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, தனியாகக் குறிப்பிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். வண்டி வராத எஸ்டேட் வீடுகளில், தண்ணீருக்கும் பாத்திக்கும் எட்டத்தில் இரண்டடிக் குழி தோண்டிப் புதையுங்கள்.

தினமும் காலையில் ஐந்து நிமிஷம். அதைக் குடும்பத்தில் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால் கர்ப்பிணிக்கும் பயமில்லை. வாயில்லா ஜீவன் மழையில் நடுங்கவும் வேண்டாம்!