விலை குறைந்தால் விற்றுவிடுமா?

மந்தமான சந்தையில் மனை விற்க வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச நில மதிப்பை, குறைத்தாலே போதும் என்னும் வாதத்துக்குக் கணக்கு துணை நிற்கவில்லை. 2017 ஜூனில் தமிழக அரசு அம்மதிப்பை 33 விழுக்காடு குறைத்தபோதே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியதால், 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் சேர்த்து 100 ரூபாய் மதிப்புக்கு 8 ரூபாய் செலுத்திவந்தவர், குறைந்த 67 ரூபாய் மதிப்புக்கும் 7.37 ரூபாய் செலுத்த நேர்ந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த சலுகை என்பதே அதற்குப் பொருத்தமான பெயர்.

வடசென்னையின் சடையங்குப்பத்திலோ மனை விற்பனைக்குத் தடையாக நிற்பது விலையன்று, நீர். கொசஸ்தலையாற்றை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் இவ்வூரை 2015இலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் வெள்ளம் சூழ்ந்தது. பின்னதில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் பரவியது. அருகிலுள்ள விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்துவிட்டதால் காத்திருந்தால் விலை ஏறும் என்பாரும் உளர். ஆனால் நிலையம் பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே நிற்க, மனைகள் மேற்கே கிடக்கின்றன. 2023இல் தம் மனையில் எத்தனை அடி நீர் நின்றது என்பதை விற்பவர்கள் முதலில் எழுத்தில் தரட்டும். விலைப் பேச்சு அதற்குப் பிறகு.