கயிறு யார் கையில?

எட்டுப் பேர் கேங். நாலு பேருக்கு ஸ்கூபா வெறி, மிச்ச நாலு பேருக்குத் தண்ணின்னாலே அலர்ஜி. டூரை கேன்சல் பண்ணிடாதீங்க பாஸ்! முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல தூத்துக்குடிக்கு டிக்கெட் போடுங்க.

இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. சிலிண்டர் கிடையாது. கல்லைக் கட்டிக்கிட்டு, மூச்சடக்கி இறங்குவாங்க. தோணியில கயிறு பிடிக்கறது மச்சானாத்தான் இருக்கணுமாம். கூடப்பிறந்தவ தாலி அவன் கையிலயாச்சே! ஆக, கடல்ல இறங்காதவனுக்குத்தான் அன்னிக்குப் பெரிய பொறுப்பு.

இப்போ உங்க பிளான். ஸ்கூபா கட்சி புதுச்சேரியில முறையா கத்துக்கிட்டு வரட்டும். சளி பிடிச்சிருந்தா இறங்கவே கூடாது. காதுக்குள்ள அழுத்தம் சமமாகாம சவ்வு கிழியலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. 21-ல ரெண்டு ஏற்கெனவே முழுகியாச்சு. வனத்துறை அனுமதி இல்லாம படகு எடுத்தா, டூர் ஸ்டேஷன்ல முடியும்!

மத்தவங்க கொற்கைக்கு பஸ் ஏறுங்க. பாண்டியர் துறைமுகம்னு கடலைத் தேடாதீங்க, அது பல கிலோமீட்டர் விலகிப் போயிடுச்சு. பழைய வன்னி மரம் இருக்கு. சாயங்காலம் எல்லாரும் மக்ரூன் பொட்டலத்தோட ஒண்ணு சேருங்க.

டைவிங் ஃபீஸை மட்டும் எட்டா வகுக்காதீங்க. இறங்கறவங்க கட்டட்டும். ‘பயந்தாங்கொள்ளி’ன்னு உசுப்பேத்தி யாரையும் இறக்கிவிடாதீங்க. பத்து மீட்டர் ஆழத்துல பதறினா, மேலே இழுக்க மச்சான் இல்லை.