ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாமா?



இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஒரே பகலில் எப்படி ஆவியாகும் என்பதைப் போன வருடம் என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மூன்று மாணவர்கள் குறும்படம் எடுக்கப் போன இடத்தில்!

விஸ்காம் படிக்கும் பிள்ளைகள். கதையும் நல்ல கதை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் பெருநாளைக்கு முந்தைய இரவு ஊருக்கெல்லாம் சட்டை எடுத்து விரித்துக் காட்டுகிறான். தன் தம்பிக்கு ஒரு சட்டை எடுக்கலாம் என்று அவன் நிமிரும்போது கல்லா மூடியாகிவிட்டது. அவ்வளவுதான் கதை. கேட்டதும் என் மனம் இளகிவிட்டது. கடைத்தெரு வியாபாரி ஒருவரிடம் அழைத்துப் போய், "நம்ம பிள்ளைங்க, உதவி செய்யுங்க பாய்" என்றேன். அவரும் எண்ணிக் கொடுத்துவிட்டார். என்ன திட்டம், எத்தனை நாள், என்ன செலவு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் சிபாரிசு செய்த குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் வெள்ளிக்கிழமை! ஜும்ஆவுக்குக் கடை அடைத்திருக்கும், தொந்தரவு இருக்காது என்று கணக்கு. வாடகைக் கேமராவும் விளக்குகளும் வேனில் வந்து இறங்கியபோது மணி பத்தரை. மாடியில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து வரை வராது. முந்தைய நாள் பேப்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு ஷாட் எடுப்பதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். முதலாளியாக நடிக்க ஒப்புக்கொண்ட பெரியவர் எழுந்து போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? தொழுது, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து அவர் திரும்பி வரும்போது மணி மூன்றரை. ஜன்னல் வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. பக்கத்துத் தையல் கடையில் இன்வெர்ட்டரில் ஓடிய மெஷின் சத்தம் எல்லா வசனத்துக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தது. மைக் என்று தனியாக எதுவும் எடுத்து வரவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, கூடவே வாடிக்கையாளர்களும் வந்தார்கள். "தம்பி, கிளம்புங்கப்பா" என்றார் கடைக்காரர்.

"ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஸ்பாட்ல பாத்துக்கலாம்னு நெனச்சோம், ஹஜ்ரத்!"

இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள்! பெருநாள் சரக்கு எடுக்கச் சூரத்துக்கு ரயில் ஏறுகிற ஜவுளி வியாபாரி, "ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றா போகிறார்? போன வருடம் எந்த அளவு தேங்கியது, எந்த நிறம் பத்து நாளில் தீர்ந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, லாரி என்றைக்கு வந்து சேரும் என்று சட்டைப்பையில் சீட்டு வைத்திருக்கிறாரே! அந்தச் சீட்டுக்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற பெயர்தான் ப்ரீ-புரொடக்ஷன். வியாபாரி வீட்டுப் பிள்ளை, வாப்பாவின் சட்டைப்பையில் இருப்பதைக் கற்றுக்கொள்ளாமல் கேமரா வாடகைக் கடையில் போய் நிற்கிறான்!

அந்தச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்? முதலில் திரைக்கதை. முறைப்படி எழுதினால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. எட்டு நிமிடப் படத்துக்கு எட்டுப் பக்கம். இருபது பக்கம் எழுதிவிட்டு "எட்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று சொல்லாதே தம்பி, முடியாது. பிறகு ஒவ்வொரு காட்சியாகப் பிரித்து எழுது. யார் யார், எந்த இடம், பகலா இரவா, என்ன உடை, கையில் என்ன பொருள், என்ன சத்தம். ஜவுளிக்கடைக் கதையில் அந்தத் தம்பியின் சட்டை ஒன்று மேசைமேல் இருக்க வேண்டும். அது யார் வாங்குவது, எந்த நிறம், இரண்டாம் நாளும் அதே சட்டை கையில் இருக்குமா? இதை எழுதாதவன் படப்பிடிப்பு அன்று காலை பத்து மணிக்குச் சட்டை தேடி ஓடுவான். எட்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஷாட் பட்டியல். படம் வரையத் தெரியாவிட்டால் குச்சி மனிதனை வரை, போதும். அனுபவமில்லாத குழு ஒரு பகலில் பன்னிரண்டு, பதினைந்து ஷாட் ஒழுங்காக எடுத்தாலே பெரிய விஷயம். பட்டியலில் நாற்பது இருந்தால் நாள் போதாது என்று காகிதமே சொல்லிவிடும். காகிதத்தில் அடிக்கிற ஷாட்டுக்குக் காசு இல்லை. கடை மாடியில் நின்று அடிக்கிற ஷாட்டுக்கு வேன் வாடகையும் பிரியாணியும் செலவு!

இடம் பார்க்கப் போவதை உல்லாசப் பயணமாக நினைக்கிறார்கள். எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறாயோ அந்த நேரத்தில், அந்தக் கிழமையில் போ. போய் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில். தையல் மெஷின் கேட்கும், மாவு மில் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், பாங்கு கேட்கும். வெயில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று குறித்துக்கொள். பிளக் எத்தனை, பெண்கள் வந்தால் ஒதுங்க இடம் உண்டா, உடை மாற்ற இடம் உண்டா என்று பார். சத்தம் பதிகிறவர்கள் செய்கிற ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது: பிரிட்ஜின் முனகல் பதிவில் விழாமலிருக்க அதை அணைத்துவிட்டு, பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகச் சாவி தேடும்போது பிரிட்ஜைத் திரும்பப் போட்டாக வேண்டும். இரவல் தந்த வீட்டுக்காரரின் பால் கெட்டுப்போகக் கூடாது அல்லவா?

இதற்கெல்லாம் ஓர் எதிர்வாதம் வரும். "பெரிய டைரக்டர்கள் ஸ்கிரிப்ட் இல்லாமலே எடுத்தார்களே! சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதையே எழுதவில்லையே!" உண்மைதான். ஆனால் பாதி உண்மை! அவர் கையில் ஒரு நோட்டு நிறையக் காட்சிக்குக் காட்சி வரைந்த சித்திரங்கள் இருந்தன. அதைக் காட்டித்தான் பணம் போடுகிறவர்களைத் தேடி அலைந்தார். அத்தனை தயாரிப்போடு போனவருக்கே என்ன நடந்தது தெரியுமா? 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் முதல் நாள் எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கப் போனால் பூக்கள் இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடியும் பூக்கும் பருவம் வரும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. நோட்டு நிறைய வரைந்தவருக்கே மாடு மேயும் என்றால், நோட்டே இல்லாதவனுக்கு என்ன மிஞ்சும்?

பணம் இல்லை என்று புலம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த ராபர்ட் ரோட்ரிகஸ், 1991-ல் தன் உடன்பிறந்தவர்களையே நடிக்க வைத்து 'பெட்ஹெட்' என்ற குறும்படம் எடுத்தார். அடுத்து, சுமார் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' என்ற முழுப்படத்தையே முடித்தார். எப்படி? கதையை எழுதிவிட்டுப் பொருள் தேடவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பட்டியல் போட்டார். ஒரு பஸ், ஒரு நாய், ஓர் ஆமை, இரவலாகக் கிடைக்கும் மதுக்கடை என்று எழுதிக்கொண்டு, அதற்குள் கதையை அமைத்தார். (மதுக்கடை அவருக்கு, நமக்கு ஜவுளிக்கடை போதும்.) ஈரானில் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970-ல் எடுத்த முதல் படம் 'ரொட்டியும் சந்தும்'. பத்து நிமிடம். ஒரு சிறுவன், கையில் ரொட்டி, வழியை மறிக்கும் ஒரு நாய், ஒரு சந்து. நம் மஹல்லாவில் சந்துக்குப் பஞ்சமா? நாய்க்குத்தான் பஞ்சமா?

இனி வியாபாரப் பெருமக்களிடம் வருகிறேன். என்மீது கோபப்படாதீர்கள்.

மகள் நிக்காஹ்வுக்கு வீடியோ எடுக்க வருகிறவரிடம் எத்தனை கேமரா, டிரோன் உண்டா, ஆல்பத்தில் எத்தனை பக்கம், எத்தனை நாளில் தருவாய் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள். மாணவன் வந்தால் மட்டும் இரண்டே பதில். ஒன்று, "அதெல்லாம் நமக்கு எதுக்கு, போப்பா." இல்லையென்றால், தொல்லை விட்டால் போதும் என்று நோட்டை எடுத்து நீட்டுவது. கணக்குக் கேட்காமல் கொடுத்த பணம் அந்தப் பிள்ளைக்கு எதையும் கற்றுத் தரவில்லையே! ஐநூறு ரூபாய் கடன் கொடுத்தாலும் எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அல்பகராவின் 282-ஆம் வசனத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? சினிமா பார்க்கலாமா, எடுக்கலாமா என்ற வாதத்துக்குள் இங்கே நான் நுழையவில்லை. பிள்ளையை விஸ்காமில் சேர்த்து, மூன்று வருடம் ஃபீஸ் கட்டுகிறவர் அந்தக் கேள்வியைச் சேர்க்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். 1992-ல் 'ரோஜா', 1995-ல் 'பம்பாய்', 2013-ல் 'விஸ்வரூபம்' என்று ஒவ்வொரு படம் வரும்போதும் நாம் கொதித்தோம். மனு எழுதினோம், கலெக்டர் அலுவலக வாசலில் நின்றோம். நானும் நின்றவன்தான், அதற்காக வருந்தவில்லை. ஆனால் நம்மை எப்படிக் காட்டக் கூடாது என்று பத்துப் பக்கம் மனு எழுதத் தெரிந்த சமுதாயத்தில், நம் தெருவை நாமே எப்படிக் காட்டுவது என்று எட்டுப் பக்கம் திரைக்கதை எழுத எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்? பெருநாள் இரவு ஜவுளிக்கடைப் பையனின் கதையை வேறு எவர் வந்து எடுப்பார்? அந்த இருபத்தைந்தாயிரம் போனதைவிட, அந்தக் கதை மாடியிலேயே செத்துப்போனதுதான் எனக்கு வலித்தது.

ஆகவே பெரியவர்களே, கொடுங்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். திரைக்கதை எங்கே, எத்தனை நாள், எந்தக் கிழமை, யார் யார் என்று கேளுங்கள். செலவுப் பட்டியலில் கேமரா வாடகை மட்டும் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சம்பளம் வாங்காத குழுவில் சாப்பாடும் போக்குவரத்தும்தான் பணத்தைத் தின்னும். நூற்றுக்குப் பத்து எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியிருக்கிறானா, எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கக் காசு வைத்திருக்கிறானா என்று பாருங்கள். செல்போனிலேயே எடுக்கிறேன் என்று சொல்கிற பையனை ஏளனம் செய்யாதீர்கள். மிச்சப்பட்ட பணத்தில் நல்ல மைக் வாங்கியிருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள். கடையில் எடுக்க எழுத்தில் அனுமதி, சிறுவர் நடித்தால் பெற்றோர் கையெழுத்து, பொது ரோட்டில் என்றால் போலீஸ் அனுமதி. சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் போட்டால் உரிமைச் சிக்கலில் படமே முடங்கும், அதையும் சொல்லிவையுங்கள்.

அந்த மூவரும் போன மாதம் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை நான் அழைத்து வரச் சொல்லவில்லை. அவர்களே நேராக அந்த வியாபாரியிடம் போயிருக்கிறார்கள். கையில் பதினான்கு பக்கம். எட்டுப் பக்கம் திரைக்கதை, மீதி பட்டியல்கள். படப்பிடிப்பு செவ்வாய், புதன். லுஹருக்கும் அஸருக்கும் இடைவேளை போட்டிருந்தார்கள். பராமரிப்பு மின்தடை எந்தக் கிழமை என்று விசாரித்து எழுதியிருந்தார்கள். தையல் கடைக்காரரிடம் பேசி, வசனம் பதிகிற இரண்டு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சம்மதமும் வாங்கியிருந்தார்கள். மொத்தச் செலவு பதினோராயிரத்து நானூறு.

வியாபாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒன்பது பேருக்கு ரெண்டு நேரம் சாப்பாடு போட்டிருக்கீங்க, சரி. டீக்கு எங்கேப்பா காசு?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவரே பேனாவை எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்து, கூட்டுத்தொகையைத் திருத்தி எழுதினார்.