எண்ணெய் முள் பொய் சொல்கிறதா?



பழைய மகிழுந்து வைத்திருப்போர் நால்வர் ஜொகூரில் எங்குக் கூடினாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும். “நம்ம வண்டியில எண்ணெய் முள் வேலை செய்யாது. ஓடின கிலோமீட்டரைப் பார்த்து ஊத்திக்க வேண்டியதுதான்.” சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. தூரத்தைக் காட்டும் கருவிக்கும் வண்டியின் வயதுதானே? நெரிசலில் நின்றபடியே எரிந்துபோகும் எண்ணெய் எந்தக் கிலோமீட்டரிலும் ஏறாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், மாச்சாப் ஓய்விடத்தை எட்டும் முன்பே வண்டி நின்றுவிட்டால், கொட்டும் மழையில் அவசரத் தடத்தில் பிள்ளைகளோடு நிற்க வேண்டியவர் யார்? பக்கத்தில் கனவுந்துகள் சீறிப் பாய்ந்து கொண்டிருக்கும்.

வோக்ஸ்வேகன் பீட்டல் வண்டிகளில் 1961க்கு முன்பு எண்ணெய் முள்ளே கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக ஓட்டுநரின் காலருகே ஒரு திருகு இருந்தது. எண்ணெய் தீர்ந்தால் அதைத் திருப்ப வேண்டும். சேமிப்பிலிருக்கும் ஏறக்குறைய 5 லிட்டர் கிடைக்கும். அந்தத் திருகும் இல்லாமல், முள்ளும் இல்லாமல் ஓட்டுவது துணிச்சலன்று.

இன்னொரு தரப்பினர், முள் அசையவில்லை என்றதுமே “மீட்டர் போய்விட்டது, மாற்றிவிடு” என்பவர்கள். என் 1970ஆம் ஆண்டுப் பீட்டலுக்கும் ஒரு பட்டறையில் இதே தீர்ப்புதான் கிடைத்தது. முன்மூடியைக்கூட அவர்கள் திறந்து பார்க்கவில்லை. 1968 முதல் வந்த பீட்டல்களில் எண்ணெய் முள் வேகமானிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதை மாற்றுவதென்றால், வண்டி இத்தனை ஆண்டுகள் ஓடிய தூரத்தைப் பதிந்து வைத்திருக்கும் முகத்தையே கழற்றி எறிவதாகும். நான் மறுத்துவிட்டேன். எண்ணெய்த் தாங்கியின் எர்த் இணைப்பில் துரு ஏறியிருந்தது. ஒரு துண்டு உப்புத்தாள் போதுமானதாக இருந்தது. நம் நாட்டு ஈரக்காற்றில், மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இது வியப்பே இல்லை.

இது ஒன்றும் மந்திரமில்லை, அன்பர்களே. நம் பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டு மாணவன் படிக்கும் மின்சுற்றுதான். மின்சாரம் ஃபியூஸ் வழியாக வந்து, மின்னழுத்த நிலைப்படுத்தியைக் கடந்து, முள்ளுக்குப் பின்னாலுள்ள ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி, கம்பி வழியே தாங்கியிலுள்ள மிதவைக் கருவிக்குப் போய், அங்கிருந்து வண்டியின் உடலை அடைகிறது. எண்ணெய் நிறைந்திருந்தால் மிதவை உயர்ந்து மின்தடை ஏறக்குறைய 10 ஓம் ஆகும். வற்றினால் 73 ஓம். தடை குறைந்தால் பட்டை அதிகம் சூடாகி முள் மேலே ஏறும். கம்பி அறுந்தாலோ எர்த் கெட்டாலோ முள் கீழேயே படுத்துக் கிடக்கும்.

ஆகவே முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு மிதவைக் கருவியிலிருந்து கம்பியைக் கழற்றி, சில காசு விலையுள்ள 10 ஓம் மின்தடையம் ஒன்றின் வழியாகச் சுத்தமான உடல் இரும்போடு இணையுங்கள். இணைத்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். சாவியை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். தாங்கி மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். இதில் விளையாட்டு வேண்டாம். முள் உடனே தாவாது, பட்டை சூடாக அரை நிமிடமாவது பொறுங்கள். முள் மெல்ல ஏறி நிறைவைக் காட்டினால் மீட்டர் நலமாக உள்ளது. கோளாறு மிதவையிலோ எர்த்திலோதான். ஏறாவிட்டால் கம்பி, நிலைப்படுத்தி, கடைசியாகத்தான் மீட்டர். மிதவையைக் கழற்ற நேர்ந்தால் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தளும்பினால் அது ஓட்டை விழுந்து மூழ்கிவிட்ட மிதவை.

எல்லா வண்டிக்கும் இந்த எண்கள் பொருந்தா. பழைய அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த முள்ளுக்குச் சட்டமே உண்டு. சிங்கப்பூரில் பதிந்த மகிழுந்து ஜொகூருக்குள் வரும்போது தாங்கியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும். 1989இல் அரைப் பங்காகத் தொடங்கிய விதி 1991இல் முக்காலானது. மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை தண்டம். அதிகாரி பார்ப்பது முள்ளைத்தான். முள்ளை வேண்டுமென்றே ஏமாற்ற வைப்பது தனிக் குற்றம். தீபாவளிக்குத் தம் பழைய வண்டியிலேயே ஜொகூர் பாருவுக்கு வர விரும்பும் நம் உறவினர், “இது பழைய வண்டி ஐயா” என்று உட்லண்ட்ஸில் விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? அவர்களாவது இதைப் பொழுதுபோக்கு வேலையென ஒத்திப்போடக் கூடாது.

பழுது தீர்ந்த பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. தாங்கி ஏறக்குறைய காலியாக இருக்கும்போது எண்ணெய் நிலையத்தில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையில் குறியுங்கள். பீட்டலின் தாங்கி 40 லிட்டர் அளவினது. எட்டுக் குறிகள் போதும். பின்னால் காத்திருப்பவர் ஹாரன் அடிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.