மாதாவிடம் போவதற்கு ஒத்திகையா?

"மாதாவிடம் போவதற்கு ஒத்திகையா? இது என்ன நாடகமா?"

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இளைஞர்கள் தலைகுனிந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் இவ்வளவுதான். ஆகஸ்டு இறுதியில் வள்ளூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகத் திட்டமிட்டிருந்தவர்கள், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பாக ஒரு சனி ஞாயிறில், ஆளுக்கொரு பையை முதுகில் சுமந்து பழவேற்காடுவரை நடந்து பார்க்க விரும்பினார்கள். அதற்குத்தான் இந்த ஏளனம்.

அந்தப் பெரியவரின் பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் எண்ணத்தை எதிர்த்தே ஆக வேண்டும். ஆயத்தம் செய்பவன் நம்பிக்கை குறைந்தவன், ஆயத்தமின்றிப் புறப்படுபவனே விசுவாசி என்பதுதான் அந்த எண்ணம். இது வள்ளூரில் மட்டும் வாழும் எண்ணமன்று. எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று கடலோரம் நெடுகிலும் ஆண்டுதோறும் காவியுடுத்திப் புறப்படும் கூட்டங்கள் பலவற்றிலும் இது குடியிருக்கிறது.

முதலில் பாதையை எண்ணிப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக 300 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாள்களுக்கு மேலாகும். நடப்பவர்கள் யார்? வாரம் முழுவதும் கணினிக்கு முன்னோ கடையிலோ வகுப்பறையிலோ உட்கார்ந்திருப்பவர்கள். முந்தின நாள் வாங்கிய புதுச் செருப்போடு புறப்படுகிறார்கள். மாமல்லபுரத்தைத் தாண்டுமுன் கொப்புளம். புதுச்சேரிக்குள் நுழையும்போது முழங்கால் வீக்கம். அதன்பின் மாதா சப்பரத்துக்குப் பின்னால் வரும் வேனில் ஏற்றப்படுகிறார்கள்.

"கொப்புளமும் காணிக்கைதானே?" என்று சிலர் கேட்பார்கள். தவத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் தவம் என்பது தானே தாங்குவது. பிறர்மேல் ஏற்றுவது அன்று. முன்யோசனையின்றி வந்து மூன்றாம் நாள் விழுந்தவனை யார் தாங்குகிறார்கள்? அவன் பையை ஒருவன் சுமக்கிறான். அவனுக்காக நாற்பது பேர் வெயிலில் காத்து நிற்கிறார்கள். வழியிலுள்ள ஒரு சிற்றூரின் செவிலி தன் ஓய்வைத் துறந்து அவன் காலைக் கழுவிக் கட்டுகிறாள். வீட்டில் அவன் தாய் உறங்காமல் இருக்கிறாள். தன் கவனக்குறைவுக்குத் தவம் என்று பெயரிட்டு, அதன் விலையைப் பிறர் தலையில் கட்டுவது நேர்மையா?

"அன்னை பார்த்துக்கொள்வாள்" என்பது அடுத்த வாதம். ஆம், பார்த்துக்கொள்வாள். ஆனால் ஆலயத்தின் உச்சியில் இயேசு பெருமானை நிறுத்தி, கீழே குதியும், வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று திருப்பாடலையே எடுத்துக் காட்டியவன் யார் என்பதை மறந்துவிட்டோமா? அதற்கு ஆண்டவர் தந்த மறுமொழியையும் நாம் அறிவோம், கடவுளைச் சோதிக்கலாகாது. இருளில் நெடுஞ்சாலையின் நடுவே ஒளிரும் பட்டை ஒன்றுகூட அணியாமல், எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதையும் அறியாமல், முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு போகிறவன் அன்னையை நம்புகிறானா, சோதிக்கிறானா? விளக்கில்லாத சாலையில் காவித் துணியும் கறுப்பாகத்தான் தெரியும்.

மறைநூல் அறிந்த சிலர் இன்னும் கூர்மையான அம்பு ஒன்றை எய்வார்கள். பன்னிருவரை அனுப்பியபோது பையோ உணவோ பணமோ கொண்டுபோக வேண்டாமென்று இயேசு சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். ஆனால் லூக்கா நற்செய்தியை இறுதிவரை படிக்க வேண்டும். அந்த அனுப்புதல் எப்போது நடந்தது? ஆண்டவர் உடனிருந்த காலத்தில். பன்னிருவர் சுற்று ஊர்களுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், செய்தவற்றை எல்லாம் அவரிடம் சொன்னார்கள். பின்பு எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பினார். அவர்களும் திரும்பி வந்து பேசினார்கள். உலகின் கடையெல்லைவரை போகவிருந்தவர்களுக்கு இது ஒத்திகை இல்லையென்றால் வேறென்ன? பாடுகளுக்கு முந்தின இரவில் அதே ஆண்டவர் அந்த நாள்களை நினைவூட்டிவிட்டு, இப்போதோ பணப்பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும், பையையும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று சொன்னவரும் அவரே.

ஆயத்தமின்மையின் விலை நம் மாநிலத்துக்குத் தெரியாததும் அன்று. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தபோது, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறச் சென்றிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளையோர். இறந்தவர்கள்மீது குற்றம் சுமத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை. நமக்கான பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆபத்து வரும்போது எந்தப் பக்கம் ஓடுவது, யார் சொல்லைக் கேட்பது, யாரால் வேகமாக நடக்க முடியாது என்பவற்றை அந்த நொடியில் கற்க முடியாது. அவற்றை முன்னரே கற்றிருக்க வேண்டும். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. கானகத்துக்கு விதி வந்துவிட்டது. நம் திருப்பயணங்களுக்கு நாமே வகுத்துக்கொண்ட விதி என்ன?

முதுகில் பையைச் சுமந்து நடப்பது வெளிநாட்டார் பொழுதுபோக்கு, திருச்சபைக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இளங்குருவாக இருந்தபோது, 1889-இல் ஆல்ப்ஸ் மலையின் மோந்தே ரோசா சிகரத்தில் ஏறியவர். பாறை விளிம்பில் இரவைக் கழித்தவர். 1923-இல் மெந்தோன் நகர்ப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. புனித இரண்டாம் யோவான் பவுல் போலந்தில் குருவாக இருந்தபோது மாணவர்களை மலைகளுக்கும் ஆறுகளுக்கும் அழைத்துச் சென்றார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ ஃப்ரசாத்தி, தூரின் நகரின் ஏழைகளுக்கும் மலைகளுக்கும் தம் இளமையைப் பகிர்ந்தளித்து 24 வயதில் மறைந்தவர். இவர்களுக்குப் பொருந்தியது வள்ளூர் இளைஞனுக்குப் பொருந்தாதா?

பெரியவர்களிடம் இவ்வளவு பேசிய நாம் இளையோரிடமும் பேச வேண்டும். ஒத்திகை என்ற பெயரில் ஏலகிரியில் அறை எடுத்துத் தங்குவதும், ஒரு மணி நேரம் நடந்து நூறு படம் எடுப்பதும் ஒத்திகை ஆகாது. இரண்டு நாள் நடை எவருடைய காலையும் இரும்பாக்கிவிடாது. அது செய்வதெல்லாம் நம் உடல் எங்கே தளரும், நம் கூட்டம் எங்கே பிளவுபடும் என்று முன்கூட்டிக் காட்டுவதுதான். ஆகவே பெரும்பயணத்தில் சுமக்கப்போகும் அதே பையை, அணியப்போகும் அதே காலணியை இப்போதே பயன்படுத்துங்கள். பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கனமானவை முதுகை ஒட்டி இருக்கட்டும். வேன் வேண்டாம், தன் பையைத் தானே சுமந்தவனுக்குத்தான் தேவை எது, ஆசை எது என்பது ஐந்தாம் கிலோமீட்டரில் விளங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரை முன்னே விடுங்கள். மற்றவர்கள் அவர் நடைக்கு நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இது ஒன்றைக் கற்றாலே ஒத்திகை வெற்றி பெற்றுவிட்டது என்போம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "வேளாங்கண்ணிக்கு வரட்டும், ஒத்திகைக்கெல்லாம் எதற்கு? இரவு வெளியே தங்குவதா?" என்று வீடுகளில் தடை எழுகிறது. பத்து இரவுகள் வெளியே தங்க அனுப்பும் பெற்றோர் ஓர் இரவுக்கு மறுப்பது என்ன நியாயம்? பழகாத காலோடு நெடும்பயணத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் தளர்ந்ததும் "பெண்ணால் முடியுமா" என்று பேசுவது அதைவிடப் பெரிய அநியாயம். தங்குமிடத்தையும் துணையையும் ஒழுங்கு செய்வது பங்கின் கடமை. நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து எலிசபெத்தின் வாசலில் நின்றவள் ஓர் இளம்பெண் என்பதை அன்னையின் பக்தர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தமே.

பழவேற்காட்டை அந்த இளையோர் தேர்ந்ததைப் பாராட்டுகிறோம். வள்ளூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாக 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பெரும்பயணத்தின் ஒரு நாள் நடைக்குச் சரியான அளவு. புறப்படும்போது 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் முதுகுக்குப் பின்னே நிற்கும். சாம்பல் படிந்த ஈரநிலமும் துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகளும் கண்ணில் படும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர் வலையெல்லாம் கறுத்துப்போனதை நடையினூடே ஒருவர் மற்றவருக்குச் சொல்வார். பொன்னேரியைத் தாண்டினால் வயல்களும், பிறகு ஏரியின் உப்புக் காற்றும் வரும். பேருந்துச் சன்னலில் பத்து ஆண்டு பார்த்தும் பாராத தம் மண்ணை ஒரே பகலில் காண்பார்கள். முடிவில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து, 1515 முதல் என்பர், வணங்கப்பெறும் மகிமை மாதா காத்திருக்கிறாள். அங்கே ஞாயிறு திருப்பலி கண்டு பேருந்தில் திரும்பலாம். அப்படியானால் இந்த ஒத்திகையே ஒரு திருப்பயணம் அன்றோ?

முற்றத்தில் சிரித்தவர்களிடம் சினமின்றி ஒன்று கேட்கிறோம். திருமணத்துக்கு முன் ஆயத்த வகுப்பு வைக்கிறோம். புதுநன்மைக்கு முன் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் கற்பிக்கிறோம். பாடகர் குழு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எத்தனை மாலைகள் பயிற்சி செய்கிறது! அங்கெல்லாம் நம்பிக்கை குறைந்துவிடவில்லையே! காலுக்கு மட்டும் ஏன் இந்த மறுப்பு?

அடுத்த முறை இளையோர் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கும்போது சிரிக்க வேண்டாம். ஒரு புட்டித் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள். முடிந்தால் மீஞ்சூர் வரையாவது உடன் நடந்து பாருங்கள்.