சிக்கனம் யாருடைய சிம்மில் தொடங்க வேண்டும்?

"மகள்ட டேட்டாவ இந்த மாசம் நிப்பாட்டிப் பாப்பமே."

சில மாதங்களுக்கு முன், மின்சாரக் கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் ஒரே நாளில் வந்தபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் யோசனை இது. வாப்பா கோபத்தில் சொல்லவில்லை. கையில் காசு போதாமல்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

என் தோழியர் சிலரது வீடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது. செலவு கூடினால் முதலில் கை வைப்பது பெண் பிள்ளையின் இணையத்தில்தான். செலவைக் குறைப்பது தவறல்ல. கணக்குப் பார்க்காமல் குறைப்பதே தவறு என்பது என் கருத்து.

அன்று வாப்பாவிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டிலுள்ள நான்கு சிம்களின் செலவையும் கொப்பியில் எழுதிக் கூட்டினேன். மாதம் 5,200 ரூபா. அதில் என்னுடையது 900 ரூபா மட்டுமே. வாப்பாவினது 2,400 ரூபா! பல வருடங்களுக்கு முன் எடுத்த பிற்கொடுப்பனவு இணைப்பு அது. அவர் பேசுவதும் வட்ஸ்அப் பார்ப்பதும் தவிர வேறொன்றும் செய்வதில்லை. கிடைக்கும் டேட்டாவில் பெரும்பகுதி ஒவ்வொரு மாதமும் வீணாகிறது. உம்மாவின் ரீலோட்டிலிருந்து, அழைப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சேவைக்காக நாளுக்கு 3 ரூபா வெட்டப்பட்டு வந்தது. அதை யார் செயற்படுத்தினார் என்றே உம்மாவுக்குத் தெரியாது. நாநா கிரிக்கெட்டை உயர் தரத்தில் பார்ப்பவர். ஒரு மணித்தியால வீடியோவைச் சாதாரண தரத்தில் பார்த்தால் ஏறக்குறைய அரை ஜீபிதான் செலவாகும். உயர் தரத்தில் அது மூன்று மடங்கையும் தாண்டும்.

என் பக்கமும் பிழை இருந்தது. எனது பெக்கேஜில் பாதி, நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கக்கூடிய இரவு டேட்டா. "வீணாகிறதே" என்று விழித்திருந்து எதையாவது பார்ப்பேன். சில நாட்கள் சுபஹும் தவறியது. மலிவு என்று நினைத்து வாங்கியதற்கு என் தூக்கத்தையும் தொழுகையையும் விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்தோம். வாப்பா எண்ணை மாற்றாமலேயே அதே நிறுவனத்தின் முற்கொடுப்பனவுக்கு மாறினார். வங்கியும் கடை வாடிக்கையாளர்களும் அறிந்த எண் அது, மாறினால் சிரமம். உம்மாவின் பாட்டுச் சேவையை நிறுத்தினோம். நாநா முணுமுணுத்துக்கொண்டே வீடியோவின் தரத்தைக் குறைத்தார். நான் இரவு டேட்டா இல்லாத சிறிய பெக்கேஜுக்கு மாறினேன். வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்தினேன். அடுத்த மாதச் செலவு 2,900 ரூபா. யாருடைய இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. புதிய கைபேசியும் வாங்கவில்லை.

தோழிகளுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவானதெல்லாம் நமக்குப் பொருந்தாது. சமூக ஊடகங்களுக்கு மட்டுமான பெக்கேஜ்கள் விலை குறைந்தவைதான். ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கடந்தகால வினாத்தாளைத் தேடினால் அந்த டேட்டா உதவாது. எதற்காகப் பாவிக்கிறோம் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் வகுப்பறை கைபேசிக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் குறிப்புகளும் மேலதிக வகுப்புகளும் அதிலேயே தொடர்கின்றன. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். உங்கள் சுமை எங்களுக்குப் புரிகிறது. கைபேசியால் பிள்ளை கெட்டுவிடுவாளோ என்ற பயமும் நியாயமானதே. அதற்கு டேட்டாவை நிறுத்துவதைவிட, எதைப் பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருந்து கேட்பதே நல்லது. கணக்குக் கொப்பியை எங்களிடமும் தாருங்கள். வீட்டுச் செலவை அறிந்த பிள்ளை வீண்செலவு செய்யத் தயங்குவாள்.

ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவில் கற்றோம். பாவிக்காத டேட்டாவுக்குக் காசு கொடுப்பதும் வீண்விரயமே. ஆனால் படிக்கும் பிள்ளைக்குச் செலவிடுவது வீண்விரயம் ஆகாது. இரண்டையும் பிரித்தறிந்து செலவைக் குறைப்போம்.

இப்போது எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அந்தக் கொப்பியை எடுத்து வரச் சொல்பவர் வாப்பாதான்.